காசநோயும் இரத்த நொதிகளும்: அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

நுரையீரல் காசநோயாளரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஏடிஏ, எல்டிஎச், எஸ்ஜிபிடி ஆகிய நொதிகளின் பெயர்கள் இடம்பெறுவதுண்டு. அவற்றின் பொருளை நாம் அறிந்திருந்தால் வீண் அச்சத்தையும் வீண் செலவையும் தவிர்க்கலாம்.

1882 மார்ச் 24 அன்று இராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்த நுண்ணுயிரியே இந்நோய்க்குக் காரணம். மூச்சுக் காற்றுடன் நுரையீரலை அடையும் கிருமியை விழுங்கணுக்கள் உட்கொள்கின்றன. எனினும் அவற்றினுள்ளேயே அது உயிர்வாழ வல்லது. அப்போது டி வகை வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரந்து, விழுங்கணுக்களின் ஆற்றலைப் பெருக்குகின்றன. இவை யாவும் கூடிக் கிருமியைச் சுற்றி அரண் அமைக்கின்றன. தொற்றுக்கு ஆளானோரில் பெரும்பாலோர் நோயுறாதிருப்பது இதனாலேயே. ஊட்டக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி. தொற்று, புகைப்பழக்கம் ஆகியவை இவ்வரணைத் தளர்த்துகின்றன.

வெள்ளணுக்கள் கிளர்ச்சியுறும்போது அடினோசின் டிஅமினேஸ் எனப்படும் ஏடிஏ உயர்கிறது. நுரையீரல் உறையில் நீர் கோத்திருப்பின், அந்நீரில் இதன் அளவு நோயறிய உதவும். இரத்தத்திலோ வேறு நோய்களாலும் இது உயரலாம். திசுக்கள் சிதைவதால் உயரும் எல்டிஎச் நொதியும் காசநோய்க்கே உரிய அடையாளமன்று. நுரையீரல் காசநோயை உறுதிசெய்வதில் சளிப் பரிசோதனையே முதன்மையானது. அரசு மையங்களில் அது இலவசம். இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கொண்டு காசநோயைக் கண்டறிவதாகக் கூறிய பரிசோதனைகளை நம் அரசு 2012இல் தடைசெய்தது.

எஸ்ஜிபிடி கல்லீரலின் நிலையைக் காட்டுவது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மருந்துகளால் இது சிறிது உயர்ந்து, பெரும்பாலும் தானே தணியும். குமட்டல், மஞ்சள் காமாலை முதலிய அறிகுறிகளுடன் இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்கையோ, அறிகுறியின்றி ஐந்து மடங்கையோ கடந்தால், மருத்துவர் மருந்தை நிறுத்தி, கல்லீரல் தேறியபின் படிப்படியாக மீண்டும் தருவார். அறிகுறி தோன்றியவுடன் மருத்துவரை அணுக வேண்டும். ஆனால் அறிக்கையின் எண்ணை மட்டும் கண்டு அஞ்சி, ஆறு மாதச் சிகிச்சையை நாமே இடையில் கைவிட்டால், மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகக்கூடும்.

எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படை உணவு. நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ், 2018 முதல் சிகிச்சைக் காலத்தில் மாதம் ரூ.500 வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்டது; 2024 நவம்பர் முதல் இது ரூ.1,000 ஆயிற்று. கணக்கு இல்லாதோர் குறைந்தபட்ச இருப்புத் தேவையற்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். நம் குடும்பத்திலோ பணியிடத்திலோ காசநோயாளர் இருப்பின், இச்செய்தியை அவருக்குத் தெரிவிப்போம்.