பாலாமணி அம்மாள்: கம்பெனி நடத்திய பெண்

மலருக்குக் கட்டுரை கேட்டு நமது சங்கத்து நண்பர்கள் வந்தபோது, தங்கவயல் சுரங்கத்தைப் பற்றித்தான் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் ஒரு பொங்கல் விழா நாடக ஒத்திகையில் கேட்ட சிறு பேச்சு என் மனத்தை வேறு பக்கம் இழுத்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, "இந்த வருஷம் நாடகத்தை நானே நடத்துறேன்" என்றாள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நீ நடிம்மா, அது போதும். நடத்துறது ஆம்பளைங்க வேலை. பணம் பொரட்டணும், நாலு பேரை அதட்டணும், ராத்திரி கண்ணு முழிக்கணும்" என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "அப்படியா சார்?" என்று கேட்டாள். "இல்லைம்மா" என்று மட்டும் சொன்னேன். விவரம் சொல்ல அப்போது நேரமில்லை. அந்த விவரம்தான் இந்தக் கட்டுரை.

நடிப்பது வேறு, நடத்துவது வேறு

நம் நாட்டில் நாடகக் கம்பெனி என்பது ஒரு சிறு ஊரையே கட்டி மேய்ப்பதற்குச் சமம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பின்பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம், பாடம் சொல்லித் தரும் வாத்தியார், சமையல்காரர் என்று எல்லோருக்கும் சோறு போட வேண்டும். கொட்டகை வாடகை, சீன் திரைகள், உடைகள், விளக்குகள், ஊர்விட்டு ஊர் போகும் வண்டிச் செலவு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் வசூல் நின்றுவிடும்; சாப்பாட்டுச் செலவு மட்டும் நிற்காது.

அந்தக் காலத்தில் மேடை முழுவதும் ஆண்கள் கையில் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். ரங்கவடிவேலு முதலியார் அதில் பெரும் புகழ் பெற்றவர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி. அங்கும் சிறுவர்களே ஸ்திரீபார்ட்.

கும்பகோணத்து அம்மாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும், இதை அப்படியே தலைகீழாக்கிக் காட்டியவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். ஆடலும் பாடலும் கற்றவர். அவர் கம்பெனியில் பெண்களே நடித்தார்கள். ராஜா வேடமும் பெண், மந்திரி வேடமும் பெண். கம்பெனிக்குத் தலைவியும் அவரே, தலைமை நடிகையும் அவரே.

அவர் புகழுக்கு ஒரு சாட்சி உண்டு. ரயில் சத்தத்திலேயே வளர்ந்த பங்காருபேட்டைக்காரர்களான நமக்கு அது நன்றாகப் புரியும். திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காகக் கும்பகோணத்துக்குத் தனி ரயில்கள் விடப்பட்டன. மக்கள் அவற்றை 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே அழைத்தார்கள். நாடகம் தொடங்கும் முன் வந்து சேரும். முடிந்த பின் கிளம்பும். ஒரு நடிகைக்காக ரயில்வே கால அட்டவணையே வளைந்து கொடுத்தது!

அவர் நடத்திய நாடகங்களில் 'தாரா சசாங்கம்' பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தாரை சந்திரனுக்கு எண்ணெய் தேய்க்கும் காட்சியில், தோல் நிறத்தில் உடம்போடு ஒட்டிய உடை அணிந்து அவர் மேடைக்கு வந்ததைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. காசி விசுவநாத முதலியார் எழுதிய 'டம்பாச்சாரி விலாசம்' என்ற சமூக நாடகத்தையும் அவர் கம்பெனி நடித்தது. தாசி வலையில் விழுந்து சொத்தை இழக்கும் பணக்காரன் கதை அது. தாசி குலத்தைச் சாடும் நாடகத்தை, அந்தக் குலத்தில் பிறந்த பெண்ணே மேடையேற்றிக் காசு வாங்கினார் என்றால், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

ஆதரவற்ற பெண்கள் பலருக்கு அந்தக் கம்பெனி சோறும் கூரையும் தொழிலும் தந்தது. புகழைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஆனால் முடிவு? மாளிகை போன்ற வீட்டில் செல்வாக்கோடு வாழ்ந்தவர், கடைசியில் எல்லாவற்றையும் இழந்து, 1935-இல் மதுரையில் வறுமையில் இறந்தார்.

ஜெர்மனியில் ஒரு பாலாமணி

'நம்ம ஊரில்தான் கலைஞர்களுக்கு இந்தக் கதி' என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. ஜெர்மனியில் ஃபிரீடரிக்கே கரோலினே நாய்பர் என்ற அம்மையார் (1697-1760) லைப்சிக் நகரில் நாடகக் குழு நடத்தினார். கோமாளிக் கூத்தாக இருந்த மேடையைத் திருத்த முயன்று, 1737-இல் கோமாளிப் பாத்திரத்தையே மேடையிலிருந்து விரட்டும் காட்சி ஒன்றை நடத்திக் காட்டினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லெஸ்ஸிங்கின் முதல் நாடகத்தை 1748-இல் மேடையேற்றியதும் அவர் குழுதான். அவரும் டிரெஸ்டன் நகருக்கு அருகில் வறுமையில்தான் இறந்தார். கும்பகோணமும் லைப்சிக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டன.

ஆனால் அந்த நாட்டில் பின்னர் ஒரு மாற்றம் வந்தது. பல நகரங்களில் நகராட்சியே நாடக அரங்கை நடத்துகிறது. குடிதண்ணீருக்கும் நூலகத்துக்கும் ஒதுக்குவது போல நாடகத்துக்கும் பொதுப்பணத்தை ஒதுக்குகிறார்கள். நடிகர்களுக்கு மாதச் சம்பளம். 'இன்டெண்டன்ட்' என்ற தலைவரை ஒப்பந்தத்தில் நியமிக்கிறார்கள். அவர் போனாலும் அரங்கு நிற்கும். கிழக்கு பெர்லினில் அரசுப் பணத்தில் நடந்த பெர்லினர் ஆன்சாம்பிள் அரங்கை, பிரெக்டின் மனைவியும் நடிகையுமான ஹெலெனே வைகல் 1949 முதல் 1971-இல் இறக்கும்வரை தலைமை தாங்கி நடத்தினார். அவருக்குப் பின் ரூத் பெர்காவுஸ் என்ற இன்னொரு பெண் 1977 வரை நடத்தினார். நாய்பர் அம்மையாருக்கு இல்லாமல் போனது வைகலுக்குக் கிடைத்தது. திறமையை நான் சொல்லவில்லை. தாங்கி நிற்கும் ஒரு அமைப்பைத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்திலேயே

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் வாழும் இந்தக் கர்நாடகத்தில், மைசூரைச் சேர்ந்த ஆர். நாகரத்னம்மா 1958-இல் 'ஸ்த்ரீ நாடக மண்டலி' என்று பெண்களே நடிக்கும் குழுவைத் தொடங்கினார். பீமன், ராவணன், கம்சன், துரியோதனன் என்று கதாயுதம் தூக்கும் வேடங்களை அவரே போட்டு, ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கினார். 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். பாலாமணி அம்மாளுக்குக் கிடைக்காத அரசு மரியாதை, அதே போன்ற வேலையைச் செய்த இவருக்குக் கிடைத்தது. காலம் கொஞ்சமாவது நகர்ந்திருக்கிறது.

ஒத்திகையில் கேட்ட பெண்ணுக்கு

ஆகவே அம்மா, பணம் புரட்டுவதும் நாலு பேரை அதட்டுவதும் ராத்திரி கண் விழிப்பதும் ஆம்பளை வேலை என்று யாராவது சொன்னால், கும்பகோணத்துக்கு ஓடிய ரயிலைச் சொல். அந்தப் பெரியவர் மேல் கோபப்படாதே. அவருக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பாலாமணி அம்மாளிடம் திறமை இருந்தது, பணம் இருந்தது, புகழ் இருந்தது. தளர்ந்தபோது தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்புதான் இல்லை. நம்மிடமோ சங்கம் இருக்கிறது, மேடை இருக்கிறது, வருடா வருடம் வசூலிக்கும் நன்கொடை இருக்கிறது. நாடகத்தை அந்தப் பெண் நடத்தட்டும். கணக்குப் புத்தகத்தையும் அவள் கையிலேயே கொடுங்கள். லாபமோ நஷ்டமோ, அது சங்கத்தின் பேரில் இருக்கட்டும். முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்ட நான் வருகிறேன்.