தவறு கையிலா, கருவியிலா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையின் ‘பி-17’ விமானங்கள் சில, நல்லபடியாகத் தரையிறங்கிய பின்னர், திடீரெனச் சக்கரங்கள் மடங்கி ஓடுபாதையில் மோதிச் சேதமுற்றன. எந்திரத்தில் பழுது ஏதும் காணப்படவில்லை. ஆகவே, விமானியின் தவறு என்றே முடிவு செய்யப்பட்டது.

அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் என்னும் உளவியலாளர், விமானியைக் குறை கூறாமல், அவர் கையாளும் விசைகளைக் கூர்ந்து நோக்கினார். சக்கரங்களை மடக்கும் விசையும், இறக்கைத் தட்டுகளை இயக்கும் விசையும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன! களைத்த கை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தொட்டுவிட்டது. அவர் கண்ட பரிகாரம் மிக எளியது. ஒரு விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரம். மற்றதன் நுனியில் ஆப்பு வடிவம். கண் பாராவிடினும் கை அறிந்துகொள்ளும் அன்றோ? இன்றைய பயணிகள் விமானங்களிலும் அவ்விசையின் பிடி சக்கர வடிவிலேயே அமைகிறது.

1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகிய இருவரும், விமானிகளின் தவறுகள் எனக் கூறப்பட்ட 460 நிகழ்வுகளை ஆராய்ந்தனர். ஒரு விசையை மற்றொன்றாகக் கருதிய குழப்பமே அவற்றுள் மிகுதி. மனித இயல்புக்கேற்பக் கருவிகளை அமைத்தால் இத்தவறுகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதே அவர்களின் முடிவு.

இனி நம் சமையலறைக்கு வருவோம். நான்கு எரிவாய்கள் கொண்ட அடுப்பில் அவை ஈரிரண்டாக இரு வரிசையில் இருக்க, திருகுகளோ ஒரே வரிசையில் அமைந்துள்ளன. எது எதற்குரியது? இக்குறையை டொனால்ட் நார்மன் என்னும் அறிஞர் 1988இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். எரிவாய்கள் அமைந்த ஒழுங்கிலேயே திருகுகளும் அமைந்தால் நினைவுக்கு வேலையே இல்லை.

மருந்து அலமாரியையும் சற்றுத் திறந்து பாருங்கள். கண் சொட்டு மருந்தும் காதுச் சொட்டு மருந்தும் ஒரே அளவுக் குப்பிகளில் அருகருகே இருக்கின்றனவா? பார்வை மங்கிய உம்மாவோ வாப்பாவோ மாற்றி எடுத்துவிட்டால், “கவனம் இல்லையே!” எனக் கடிந்து என்ன பயன்? இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒன்றில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டுங்கள். குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டொழியுங்கள். புட்டியின் வடிவம் கண்டு குடிக்க முற்படும் குழந்தையைக் குற்றம் சொல்ல இயலுமா?

அடுத்த முறை வீட்டில் எவரேனும் தவறிழைத்தால், கடிந்துகொள்ளுமுன் அவர் கையிலிருந்த பொருளை ஒருமுறை பாருங்கள்.