பழைய காமிராவுக்கு எந்த அட்டை?

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இக்கோயிலை அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் அங்கே கல்லில் பொறித்த செய்தியை அறிஞர்கள் இன்றும் படிக்கிறார்கள். திண்டிவனத்துக்குத் தெற்கே திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கல் செய்தியைக் காக்கும் விதம் அது.

பள்ளிச் சுற்றுலாவில் இவற்றைப் படம் பிடிக்கிறீர்கள். அந்தப் படம் எங்கே தங்குகிறது? தபால்தலை அளவுள்ள ஒரு மெமரி கார்டில்! வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிஜிட்டல் காமிராவை எடுத்து, கடையில் வாங்கிய புதிய 64 ஜி.பி. அட்டையைச் செருகினால், அது பெரும்பாலும் 'அட்டையில் பிழை' என்றே சொல்லும். அட்டையும் நல்லது, காமிராவும் நல்லது. பின் குறை எங்கே?

முகவரி போதாத கதை

ஓர் ஊரில் வீட்டு எண்ணை நான்கு இலக்கங்களில் மட்டுமே எழதலாம் என்று வைத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை 10,000 வீடுகளுக்குத்தான் எண் கொடுக்க முடியும். அடுத்த வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்?

பழைய காமிராவின் நிலையும் இதுவே. அது அட்டையைப் பல அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் 16 இரும இலக்கங்களில் எண் இடுகிறது. 2-ஐ 16 முறை பெருக்கினால் 65,536. ஓர் அறையின் உச்ச அளவு 32,768 பைட். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 2,147,483,648 பைட், அதாவது 2 ஜி.பி.!

மட்சுஷிடா (இன்றைய பானசோனிக்), சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1999-இல் அறிவித்த எஸ்.டி. அட்டையின் எல்லை இந்த 2 ஜி.பி. தான். 2006-இல் வந்த எஸ்.டி.எச்.சி. வகை 32 ஜி.பி. வரையும், 2009-இல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. வகை 2,000 ஜி.பி.க்குச் சற்று மேலும் கொள்ளும். எஸ்.டி. அட்டையில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. பின்வந்தவற்றிலோ 512 பைட் கொண்ட கட்டு ஒன்றுக்கு ஒரு முகவரி. இந்தப் புதுக் கணக்கு பழைய காமிராவுக்குப் புரியாது. ஆகவே பெரிய அட்டையைக் கணினியில் 2 ஜி.பி.யாகச் சுருக்கி அமைத்தாலும் பயனில்லை. ஆனால், புதிய காமிரா பழைய எஸ்.டி. அட்டையை ஏற்றுக்கொள்ளும்.

வாங்கும் முன் கவனியுங்கள்

முதலில் வடிவம். எல்லாக் காமிராவும் எஸ்.டி. அட்டையை ஏற்பதில்லை. 1994-இல் வந்த காம்பாக்ட் ஃபிளாஷ், 1998-இல் சோனி கொண்டுவந்த மெமரி ஸ்டிக், 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் கொண்டுவந்த எக்ஸ்.டி. என்று வகைகள் பல. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்திச் செருகினால் உள்ளிருக்கும் ஊசிகள் வளைந்துவிடும்.

அடுத்து, அட்டை செருகும் மூடியருகே உள்ள குறி. அங்கே 'எஸ்.டி.' என்று மட்டும் இருந்தால் 2 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த அட்டையே ஏற்றது. 'எஸ்.டி.எச்.சி.' என்றிருந்தால் 32 ஜி.பி. வரை போகலாம்.

2 ஜி.பி. போதுமா? 3 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 1.5 எம்.பி. இடம் பிடிக்கும் என்று கொண்டால், 1,300 படங்களுக்கு மேல் அடங்கும். தாராளமாகப் போதும்! இவ்வகை அட்டைகள் இன்று கடைகளில் அரிது. எனவே பழைய அட்டை கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, போலி அட்டைகள். மேலே 64 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே 4 ஜி.பி. கூட இராது. உண்மை இடம் தீர்ந்தபின் எடுக்கும் படங்கள் பதிந்தது போலத் தோன்றி, வீட்டுக்கு வந்து பார்க்கும்போது காணாமற் போயிருக்கும். இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. புதிய அட்டை முழுவதையும் கணினியிலுள்ள படங்களால் நிரப்புங்கள். அட்டையைக் கழற்றி மறுபடி செருகி, கடைசிப் படம் வரை திறந்து பாருங்கள். எல்லாம் திறந்தால் அட்டை நல்லது. பிறகு காமிராவிலேயே 'ஃபார்மேட்' செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்

இவ்வட்டைகளின் உயிரான ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் தோஷிபாவில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் அதை உலகுக்கு அறிவித்தார். மின்கடத்தாச் சுவருக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைவைப்பதே இதன் தத்துவம். மின்சாரம் நின்றாலும் அவை அங்கேயே இருப்பதால்தான் படம் அழிவதில்லை.

ஆனால் எந்தச் சிறையும் முற்றிலும் பூட்டியதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கசிகின்றன. வெப்பம் கசிவை விரைவுபடுத்தும். பலமுறை எழுதி அழித்துத் தேய்ந்த அட்டையில் கசிவு இன்னும் அதிகம். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓர் அட்டையை நம்பியிருப்பது சரியன்று. எனவே சுற்றுலா முடிந்து திரும்பிய அன்றே படங்களை வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். மகேந்திரவர்மனின் கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. நம் அட்டைக்கு உண்டு.