அடிபட்டது எப்படி? டாக்டரிடம் சொல்லுங்கள்!

சாலை விபத்தில் சிக்கியவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "எனக்கு ஒன்றும் இல்லை" என்கிறார். ஆனால், உள்ளே ரத்தம் கசிந்துகொண்டு இருக்கலாம்!

டாக்டரிடம் எக்ஸ்ரே உண்டு, ஸ்கேன் உண்டு. ஆனால், எந்த இடத்தை முதலில் பார்ப்பது? அதற்கு வழி காட்டுவது, விபத்து நடந்த விதம்தான்.

விமானி கண்ட உண்மை

ஹக் டிஹேவன் என்பவர் அமெரிக்கர். முதல் உலகப் போரின்போது விமானம் ஓட்டப் பழகினார். அவருடைய விமானம் இன்னொரு விமானத்தோடு மோதி விழுந்தது. உயிர் தப்பினார். ஆனால், வயிற்றுக்குள் பலத்த காயம். இடுப்பு பெல்ட்டின் கொக்கி அழுத்தியதே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார்.

எது, எங்கே, எப்படி மோதுகிறதோ அதற்கு ஏற்றபடியே காயம் அமையும். பிற்காலத்தில் இதையே அவர் ஆராய்ந்தார். 1942-ல் கட்டுரையும் வெளியிட்டார்.

என்ன மோதினால் என்ன காயம்?

காரின் முன்பலகையில் முழங்கால் இடித்ததா? இடுப்பு மூட்டு நழுவி இருக்கலாம். அதைச் சில மணி நேரத்துக்குள் சரி செய்யவேண்டும்.

ஸ்டீயரிங் மார்பில் மோதியதா? விலா எலும்பு, நுரையீரல், இருதயம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

இடது பக்கம் அடியா? மண்ணீரல் கிழிந்திருக்கலாம். வலது பக்கமா? ஈரலைக் கவனிக்கவேண்டும்.

சைக்கிளில் இருந்து விழுந்த பையனின் வயிற்றில் ஹேண்டில்பார் குத்தியதா? வெளியே சின்ன வட்டத் தடம்தான் தெரியும். உள்ளே கணையமோ குடலோ நசுங்கி இருக்கலாம். பல மணி நேரம் கழித்துத்தான் வலி கடுமையாகும். திட்டுக்குப் பயந்து பிள்ளைகள் இதை மறைப்பது உண்டு. அதட்டாமல் கேளுங்கள்.

சொல்லவேண்டியவை

வண்டி எதில் மோதியது? எந்தப் பக்கம் நசுங்கியது? அவர் தூக்கி எறியப்பட்டாரா? நினைவு தப்பியதா? ஹெல்மெட், பெல்ட் அணிந்திருந்தாரா? மணி எத்தனை?

"போலீஸ், கேஸ் என்று அலைய நேருமோ?" என்று அஞ்சவேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. பெயர், விலாசம் கேட்டு அவர்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அடிபட்டவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கண்ணால் கண்டதை டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அது ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.