சொந்த வீடா, வாடகை வீடா?

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்” என்பது நம் பழமொழி. இரண்டும் கைப்பொருளையும் மனவுறுதியையும் சோதிப்பவை. கணவனும் மனைவியும் பிரிய நேரும்போது இவ்விரு சோதனைகளும் ஒருங்கே வந்து நிற்கின்றன. இனிக் குடியிருப்பது எங்கே? சொந்த வீட்டிலா, வாடகை வீட்டிலா?

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் வாழும் ஓர் ஆசிரியையை எண்ணிக்கொள்வோம். கணவரைப் பிரிந்துவிட்டார்; பள்ளியில் படிக்கும் மகள் உடன் இருக்கிறாள். நகையும் சிறிது சேமிப்பும் உண்டு. “எலி வளையானாலும் தனி வளை வேண்டும், உடனே ஒரு வீட்டை வாங்கிவிடு” என்கின்றனர் உறவினர். அவர் என்ன செய்வது?

உடனே வெளியேறும் கட்டாயம் உண்டா என்பதை முதலில் அவர் அறிய வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவருடன் கூடி வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மனைவிக்கு அளிக்கிறது; வீடு அவர் பெயரில் இல்லாவிடினும் இவ்வுரிமை உண்டு. கொடுமைக்கு உள்ளானவருக்கு வேறு வீடு அமர்த்தித் தரவோ, அதன் வாடகையைக் கொடுக்கவோ நீதிமன்றம் ஆணையிடலாம். ஆயினும் தங்கும் உரிமை வேறு, உடைமை வேறு. மணமுறிவினால் மட்டும் வீடு இரண்டாகப் பகுக்கப்படுவதில்லை. பத்திரத்தில் எவர் பெயர் உள்ளது என்பதே முதற்கண் பார்க்கப்படும். இருவரும் சேர்ந்து வாங்கிய கடனோ மணத்தோடு முறிவதில்லை. வங்கி எழுத்து மூலம் விடுவிக்கும்வரை இருவருமே பொறுப்பாளிகள்.

அடுத்தது கணக்கு. வாடகை வீண் செலவு என்பர். 30 இலட்சம் ரூபாயை 8.5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஐயாயிரத்துக்கும் குறைவு. ஒருவர் குடியிருந்த வீட்டை விலைக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஓராண்டில் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் இச்செலவு திரும்பி வராது. வாடகைக்கோ 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வேண்டுகிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது.

மூன்றாவது, இடம். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதி. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் மறந்திலர். சித்திரையில் காணும் தெரு வேறு; கார்த்திகையில் காணும் தெரு வேறு. ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பார்த்தவர், நீர் எங்கே தேங்கும் என்பதைத் தாமே அறிவார்.

ஆகவே அந்த ஆசிரியை, மகளின் பள்ளிக்கு அருகே ஓராண்டு வாடகைக்கு இருப்பது நன்று. வழக்கு முடிந்து, பழைய கடன் தீர்ந்து, தம் ஒருவர் ஊதியத்தில் தவணையும் வீட்டுச் செலவும் அடங்கும் என்று கண்டபின், தம் பெயரிலேயே வீடு வாங்கட்டும். பிரிந்து செல்லும் கணவருக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

மாணவ நேயர்களே! துயரம் மிகுந்த வேளையில் எடுக்கும் முடிவு இருபது ஆண்டுக் கடனாகிவிடலாம். அமைதியாக எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டிய காலத்தை வாடகை வாங்கித் தருகிறது. அந்த விலை வீணன்று.