பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது

இணையக் கடையில் புத்தகம் வாங்கி, அட்டை எண்ணைக் கொடுத்ததும், சில தளங்களில் பக்கத்தின் நடுவே ஒரு சிறு பெட்டி திறந்து ஓடிபி கேட்கும். கடையின் பக்கத்தில் இருந்தாலும் அந்தப் பெட்டி கடைக்குச் சொந்தமில்லை. வங்கியின் தளத்திலிருந்து வந்தது. அதில் நீங்கள் தட்டும் எண்களைக் கடையின் நிரல் படிக்கப் பார்த்தால் பிரவுசர் மறித்துவிடும். வேறொரு மூலத்தைச் சேர்ந்த பெட்டியைத் தொட அனுமதியில்லை என்று கன்சோலில் சிவப்பெழுத்தில் வந்து விழும்.

தளம் கட்டப் பழகுகிறவர்கள் இந்தச் சிவப்பெழுத்தைப் பழுது என்று நினைத்து, தடையை எப்படி அகற்றுவது என்றே முதலில் தேடுகிறார்கள். பிரவுசரின் பாதுகாப்பை அணைத்துவிட்டு இயக்கும் குறுக்குவழியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அது அவர்கள் கணினியில் மட்டும்தான் பலிக்கும். தளத்துக்கு வருகிறவர்களிடம் தடை அப்படியே இருக்கும். அணைத்தவரோ தன் மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் காவலில்லாமல் விட்டிருப்பார்.

இந்தக் காவல் தொண்ணூறுகளின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் பிரவுசரின் 2.02 பதிப்பில் தொடங்கியது. ஜாவாஸ்கிரிப்ட் அப்போதுதான் பிறந்திருந்தது. விதி எளிது: நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண் மூன்றும் ஒத்திருந்தால்தான் இரண்டு பக்கங்களும் ஒரே மூலம். எச்டிடிபி வேறு, எச்டிடிபிஎஸ் வேறு. முன்னால் டபிள்யூ மூன்று முறை இருப்பது வேறு, இல்லாதது வேறு. ஒரே மடிக்கணினியில் 3000 போர்ட்டில் ஓடுவதும் 5000 போர்ட்டில் ஓடுவதும்கூட ஒன்றுக்கொன்று அந்நியம்தான். பல நேரம் சிக்கல் இவ்வளவுதான். இரண்டு பக்கமும் உங்களுடையது என்றால் ஒரே முகவரியிலிருந்து கொடுத்துவிடுங்கள், பிழை போய்விடும்.

முகவரியை மாற்ற முடியாதபோது உதவுவது, ஒரு பக்கம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜ் என்ற வசதி. உங்கள் பக்கத்தில் பதித்த விண்ணப்பப் படிவம் நீளும்போது பெட்டியின் உயரமும் கூட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் உள்ளே புகுந்து அளக்க முடியாது. உள்ளே இருக்கும் படிவமே தன் உயரத்தை அளந்து, '840' என்று ஒரு செய்தியாக அனுப்பலாம். வெளிப்பக்கம் அதைக் கேட்டுப் பெட்டியை நீட்டும். எதைச் சொல்வது என்பதை உள்ளே இருப்பவர் தீர்மானிக்கிறார். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

கவனம் தேவைப்படும் இடம் இரண்டு. அனுப்பும்போது யாருக்கு என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால், பெட்டியில் அந்த நேரம் எந்தத் தளம் இருந்தாலும் செய்தி அதன் கையில் போய்ச் சேரும். முழு முகவரியை எழுதுங்கள். பெறும்போது அனுப்பியவரின் மூலத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் தளப்பெயர் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பெயரைத் தன் முகவரிக்குள் நுழைத்து எவரும் ஒரு தளம் தொடங்கிவிடலாம்.

இந்தத் தடையைத் தளர்த்தப் பழைய பாடங்களில் வரும் டாக்குமென்ட்.டொமைன் வழியை மறந்துவிடலாம். குரோம் 2023இல், 115ஆம் பதிப்பிலிருந்து, அதை இயல்பாகவே முடக்கிவிட்டது.

பெட்டிக்குள் இருப்பது அடுத்தவர் தளம் என்றால் அவர் திறந்துவைத்த வழி மட்டுமே நமக்கு உண்டு. உங்கள் பக்கத்தில் பதித்த யூடியூப் காணொளியை ஓடவிடலாம், நிறுத்தலாம், எந்த நொடியில் இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாம் செய்தி வழியாகத்தான் நடக்கிறது. பார்க்கிறவர் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.