என் கம்ப்யூட்டரில் அப்படி என்ன இருக்கிறது?

"என் கம்ப்யூட்டரில் திருட அப்படி என்ன சார் இருக்கிறது?" அலுவலகத்தில் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். இது எவ்வளவு தவறு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் புகுந்துவிட்டதாக 2019 அக்டோபரில் செய்தி பரவியது. கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டுடன் இணைக்கப்படாதவை, எனவே தாக்குதல் சாத்தியமில்லை என்று அக்டோபர் 29-ல் நிலையம் மறுத்தது. மறுநாளே, மால்வேர் கண்டறியப்பட்டது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. அரசு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்திருந்தது. மால்வேர் இருந்தது அணு உலைப் பகுதியில் அல்ல. நிர்வாகப் பணிக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள ஒருவரின் பி.சி.யில். அதாவது, 'அப்படி என்ன இருக்கிறது' என்று நாம் கேட்கும் அதே வகை கம்ப்யூட்டர்! ஆய்வாளர்கள் இதனை டி-டிராக் என்று அடையாளம் கண்டனர். தட்டும் கீகள், பிரவுசர் ஹிஸ்டரி, பைல் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டுவதே இதன் வேலை.

சரி, ஊழியர்களைப் பயமுறுத்தினால் போதுமா? செங்கல்பட்டு பக்கம் நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், "தீபாவளி போனஸ் பட்டியல்" என்று ஒரு போலி மெயிலைச் சோதனைக்காக அனுப்பினார்கள். கிளிக் செய்தவர்களின் பெயர்களை அனைவருக்கும் அனுப்பினார்கள். என் பெயரும் அதில் இருந்தது. அடுத்த மாதம் நிஜமான மோசடி மெயில் வந்தது. அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் அதில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, அவமானத்துக்குப் பயந்து இரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. அதற்குள், "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று அவர் பெயரில் வாடிக்கையாளர்களுக்கு மெயில் போய்விட்டது.

2004 டிசம்பர் 26-க்கு முன் மாமல்லபுரம் கடற்கரையில் பலருக்கு சுனாமி என்ற சொல்லே தெரியாது. இன்று கடலோர கிராமங்களில் ஒத்திகை நடத்துகிறார்கள். அதில் தவறான பக்கம் ஓடியவருக்கு வழியைத்தான் காட்ட வேண்டும். பெயரைப் பலகையில் எழுதினால் அடுத்த ஒத்திகைக்கு வரமாட்டார். போலி மெயில் சோதனையும் ஓர் ஒத்திகைதான்.

அலுவலகத்தில் செய்ய வேண்டியவை:

1. பயர்வால், என்கிரிப்ஷன் என்று தொடங்காதீர்கள். "உங்கள் சம்பளக் கணக்கும் ஆதார் நகலும் இந்த நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன" என்று சொல்லுங்கள்.

2. சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது? அந்த ஒரு போன் எண்ணை மானிட்டரிலேயே ஒட்டுங்கள்.

3. தவறுதலாகக் கிளிக் செய்துவிட்டால் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்து, உடனே சொல்லிவிட்டு, வேறு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றவும். பணம் போயிருந்தால் 1930-ஐ அழைக்கவும்.

4. தானாக வந்து சொன்னவரைத் திட்டாதீர்கள், பாராட்டுங்கள்.

வீட்டிலும் இதே கதைதான். "அப்பா, தெரியாமல் ஏதோ லிங்க்கை அழுத்திவிட்டேன்" என்று பிள்ளை வந்து சொன்னால், முதலில் "நல்ல வேளை, சொன்னாயே" என்று சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.